பாட்டியின் குரலும் பழைய கருவியும்

(பள்ளிவாசலில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில், இசைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் மொழியின் பெருமையைப் பேசுவர். பண்பாட்டின் தொன்மையைப் பேசுவர். எங்களுக்கு வாய்த்த தலைப்போ அத்தகையதன்று. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வதற்கு, குறைந்த விலையில் கிடைக்கும் பழைய பலதட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கலாமா? வாங்குவதாயின் எதைப் பார்த்து வாங்குவது? இதுவே எங்கள் தலைப்பு. "இது கடைத்தெருப் பேச்சாயிற்றே, சங்க மேடைக்கு ஏற்றதா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஏற்றதே என்பதை, நாங்கள் பேசி முடிப்பதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றோம்.

எதற்காக இந்தப் பேச்சு?

நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் பின்னே இந்த மலை ஏறி வந்தனர். தலையில் இருந்தது ஒரு மூட்டை. நெஞ்சில் இருந்தது பாட்டு. மூட்டையில் வந்தவை பழங்கந்தலாகிப் போயின. பாட்டு மட்டும் மூன்று, நான்கு தலைமுறை தாங்கி நின்றது. நெல்லே விளையாத இந்த மலையில் நடவுப் பாட்டுப் பாடிய தாய்மார் இருந்தனர். தொட்டில் கட்ட இடமில்லாத லயத்து அறையில் தாலாட்டுப் பாடிய தாய்மார் இருந்தனர். இறந்தவரை எண்ணி அவர்கள் பாடிய ஒப்பாரியில், தாங்கள் விட்டு வந்த ஊர்களின் பெயர்களும் ஆறுகளின் பெயர்களும் வரிசையாக வரும்.

இத்தகைய பாடல்களைத் தமிழறிஞர்கள் போற்றாமல் இல்லை. கி. வா. ஜகந்நாதன் அவர்கள் பதிப்பித்த 'மலையருவி' 1958ஆம் ஆண்டில் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலைய வெளியீடாக வந்தது. பேராசிரியர் நா. வானமாமலை அவர்களின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. கடல் கடந்த இலங்கைத் தேயிலை மலைகளில் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத் தொழிலாளரின் பாடல்களைத் தேடித் திரட்டினார். அப்பெரியோர்க்கு நாம் என்றும் கடப்பாடு உடையோம். ஆயினும் ஒன்று எண்ணிப் பாருங்கள். ஏட்டில் ஏறியது சொல். மெட்டு எங்கே? ஒரு சொல்லை இழுத்துப் பாடி, அடுத்த சொல்லுக்கு முன் மூச்சு வாங்கும் அந்த இடைவெளி எங்கே? அதைத் தாளில் எழுத முடியாது; ஒலியாகத்தான் பிடிக்க வேண்டும்.

பிடிப்பதற்குக் காலம் காத்திருக்கிறதா? 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். இராசமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் வீழ்ந்தது. 70 உயிர்களை இழந்தோம். அவர்களுள் சிலர் உடல்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அன்று போன உயிர்களுக்கு ஈடு ஏதும் இல்லை. அவர்களோடு எத்தனை பாட்டுகள் மண்ணுக்குள் போயின என்று கணக்கெடுத்தவரும் இல்லை. இந்த எண்ணமே எங்களை ஒலிப்பதிவின் பக்கம் திருப்பியது.

எங்கள் முதல் தவறு

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகின்றோம். அதைக் கேட்டபின் எங்கள் அறிவுரையை ஏற்பதும் விடுப்பதும் உங்கள் விருப்பம்.

வளைகுடா நாட்டிலிருந்து ஊர் திரும்பிய அன்பர் ஒருவர் வீட்டுப் பரணில் நான்கு தடம் பதியும் கேசட் கருவி ஒன்று கிடந்தது. 1,500 ரூபாய் கொடுத்தோம். தூசி தட்டி மின்சாரம் கொடுத்தவுடன் விளக்கு எரிந்தது, நாடா சுழன்றது. அவ்வளவே சோதித்தோம். கருவியைத் தூக்கிக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். நாங்கள் எல்லோரும் அவரை அப்பத்தா என்றே அழைப்போம். ஒரே பிற்பகலில் பதினொரு பாட்டுப் பாடினார். அவற்றுள் நான்கு தாலாட்டு, மூன்று நடவு, இரண்டு கும்மி. மற்ற இரண்டும் எந்த வகை என்று எங்களுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டோம். குரல் ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. கருவிக்குள் நாடாவைச் சுழற்றும் ரப்பர் பட்டை பல ஆண்டுகள் சும்மா கிடந்து தளர்ந்து போயிருந்தது. நாடா ஒரே வேகத்தில் ஓடவில்லை. கணிப்பொறி அறிந்த தம்பிமார் ஓரளவு சீர் செய்தனர். எனினும் அப்பத்தா உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்பதை உறுதியாகக் கூற எவராலும் இயலவில்லை.

"அடுத்த மாதம் நல்ல மிஷினோடு வர்றோம் அப்பத்தா" என்று சொல்லி வந்தோம். "இருந்தாப் பாடுறேன் தம்பி" என்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் மறைந்தார்.

கருவியைக் குறை கூறி என்ன பயன்? விற்றவர்மேலும் பிழையில்லை, தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கத்தானே வேண்டும்? நாங்கள் பார்க்கவில்லை. அந்தப் பல்லைப் பார்க்கும் முறையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கின்றோம்.

தடம் என்பது யாது?

சாதாரண ஒலிப்பதிவில் பாடுவோரும் வாசிப்போரும் ஒன்றாகக் கூடிச் செய்தது ஒன்றாகவே பதியும். சாம்பாரில் கரைந்த புளியை மீண்டும் பிரிக்க முடியாததுபோல், பதிந்த பின் மேளத்தைக் குறைத்துக் குரலைக் கூட்ட முடியாது. பலதடக் கருவியிலோ ஒவ்வோர் ஒலிக்கும் தனித் தடம் உண்டு. முதல் தடத்தில் குரலைப் பதிந்துவிட்டு, அதனைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் ஆர்மோனியம் வாசிக்கலாம். மூன்றாவதில் உறுமி, நான்காவதில் சிங்கி. எல்லாம் முடிந்த பின் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று ஆற அமர முடிவு செய்யலாம். ஒருவரே நான்கு பேர் வேலையையும் செய்யலாம். நால்வர் நான்கு வெவ்வேறு நாள்களிலும் வந்து வாசிக்கலாம். ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் நம்மவர்க்கு இது எத்தகைய வசதி என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வசதி ஒருகாலத்தில் பெரிய நிலையங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அமெரிக்க நாட்டுக் கித்தார்க் கலைஞர் லெஸ் பால் அவர்களுக்கு 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடக் கருவியைச் செய்து கொடுத்தது. அஃது ஓர் அலமாரி அளவு இருந்தது. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் உலகையே வியக்கவைத்த 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டை நான்கு தடக் கருவிகளைக் கொண்டே உருவாக்கினர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டைக் கொணர்ந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1979இல், ஜப்பானின் டியாக் நிறுவனம் அந்தக் கேசட்டிலேயே நான்கு தடம் பதியும் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்னும் கருவியை வெளியிட்டது. அன்றுதான் பலதடப் பதிவு வீட்டுத் திண்ணைக்கு வந்தது எனலாம்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தம் வீட்டில் இத்தகைய கருவி ஒன்றில் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். பின்பு இசைக் குழுவினரைக் கூட்டி, பெரிய நிலையத்தில் அவற்றையே மீண்டும் பதிந்து பார்த்தார். வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. ஆதலின் அந்தக் கேசட்டுப் பதிவே அவ்வாண்டில் 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது. இதைச் சொல்வது, கருவி எளியதாயினும் நன்னிலையில் இருந்தால் போதும் என்பதற்காகவே. எளிமை குறையன்று, பழுதே குறை.

சந்தையில் கிடைப்பவை

பழைய பலதடக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை கேசட் கருவி. இதன் ஒலியில் ஒரு கனிவு உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் நான்கு தடங்கள் அடங்க வேண்டும். சாதாரணக் கேசட் விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓடும். இக்கருவிகளுள் பல, ஒலி தெளிவாக இருக்க வேண்டி, இருமடங்கு வேகத்தில் ஓடும். நான்கு தடமும் ஒரே திசையில் பதிவதால் கேசட்டைத் திருப்பிப் போடவும் இயலாது. எனவே 60 நிமிடக் கேசட்டில் கிடைப்பது 15 நிமிடமே. இக்கேசட்டைச் சாதாரணக் கருவியில் போட்டால் பாதி வேகத்தில் ஓடும். மறுபக்கம் திருப்பினால் பாட்டுத் தலைகீழாகக் கேட்கும். அதாவது, கருவி போனால் பாட்டும் போயிற்று. அன்றியும் நம் மலையின் மூடுபனி நாடாவுக்குப் பகை. ஒரு மழைக்காலம் கவனியாது விட்டால் நாடாவில் பூஞ்சணம் படரும்.

இரண்டாம் வகை, வன்தட்டிலோ மினிடிஸ்கிலோ பதியும் கருவி. 1990களிலும் அதன்பின் சில ஆண்டுகளும் இவை விலையுயர்ந்த பொருள்கள். இன்று மிக மலிவாகக் கிடைக்கும். மலிவைக் கண்டு மயங்காதீர்கள். உள்ளிருக்கும் வன்தட்டு சுழலும் பொருள்; அதற்கு ஆயுள் உண்டு. மினிடிஸ்குக்கோ வெற்றுத் தட்டுக் கிடைப்பதே அரிது. சோனி நிறுவனம் 2025இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பதிந்ததை வெளியே எடுக்கும் வழியும் பல கருவிகளில் பழைய முறையில் இருக்கும். இன்றைய கணிப்பொறி அதனை அறியாது.

மூன்றாம் வகை, எஸ்டி அட்டையில் பதியும் கருவி. தாஸ்காம் டிபி-008, ஜூம் ஆர்8, ஜூம் ஆர்16 போன்றவை இவ்வகையின. சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. தேயும் ரப்பரும் இல்லை. டார்ச்சு விளக்கில் போடும் சிறிய பாட்டரிகளிலேயே இயங்கும். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் எழுந்தது நம் பள்ளிவாசலில்தான். ஆயினும் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், முதல் மின் நிலையம் கண்ட ஊரும் இருளில்தான் இருக்கும். பாட்டரியில் இயங்குவது நமக்கு ஆடம்பரமன்று, தேவை.

இதில் ஒரு நுட்பம். எட்டுத் தடம் என்றவுடன் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். தடங்களின் எண்ணிக்கை வேறு. ஒரே வேளையில் பதியும் எண்ணிக்கை வேறு. மேற்சொன்ன டிபி-008 எட்டுத் தடம் உடையது. ஒரே நேரத்தில் பதிவது இரண்டே. ஆர்16 கருவியோ ஒரே நேரத்தில் எட்டுத் தடம் பதியும். வீட்டில் ஒவ்வொருவராக அமர்ந்து பதிவதற்கு இரண்டு போதும். கும்மிப் பெண்கள் பன்னிருவரையும் மேளக்காரரையும் ஒன்றாகப் பதிய வேண்டின் எட்டு வேண்டும். உங்கள் தேவை எது என்று முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

அட்டையின் அளவு பற்றிக் கவலை வேண்டா. இசைத்தட்டுத் தரத்தில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட்டு இடம் கொள்ளும். எட்டுத் தடமும் ஒரு மணி நேரம் நிரம்பினாலும் இரண்டரை ஜிகாபைட்டுதான் ஆகும். ஆனால் பழைய கருவி எந்த அளவு அட்டை வரை ஏற்கும் என்பதைக் கேட்டு அறிந்து வாங்குங்கள். இன்று கடையில் கிடைக்கும் பெரிய அட்டைகளைச் சில கருவிகள் ஏற்பதில்லை.

பல்லைப் பார்க்கும் முறை

இரண்டாம் முறை நாங்கள் விழிப்புடன் சென்றோம். கையில் சொந்த ஹெட்போன், மைக், அட்டை, பாட்டரி, ஒரு சுருதிப் பெட்டி ஆகியவற்றை எடுத்துச் சென்றோம். விற்பவர் பொருளைக் கொண்டே சோதித்தால் குறை எதனுடையது என்று தெரியாது. முதலில் பார்த்த கருவியை வேண்டாமென்று திருப்பினோம். போடிநாயக்கனூரில் இசைக் குழு நடத்தும் ஒருவரிடம் இரண்டாவதைப் பார்த்து, 6,000 ரூபாய்க்கு வாங்கினோம். நாங்கள் செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்கின்றோம், இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பாட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்போ வெண்பொடியோ இருந்தால், பாட்டரி கசிந்து உள்ளே அரித்திருக்கிறது என்று பொருள். நாங்கள் முதல் கருவியைத் திருப்பியது இதனாலேயே.

இரண்டாவது, அடாப்டரைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. வெளிநாட்டிலிருந்து வந்த கருவியை அதன் அடாப்டரோடு அப்படியே நம் சுவரில் செருகினால், பாட்டு வருமுன் புகை வரலாம். வேறு அடாப்டர் பொருத்தும்போது வோல்ட்டு மட்டும் ஒத்தால் போதாது. முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதும் ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே பதிந்து பாருங்கள். முதல் தடத்தில் "ஒன்று" என்றும், இரண்டாவதில் "இரண்டு" என்றும் சொல்லிக்கொண்டே போங்கள். பின்பு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எண் மாறியோ, ஒன்றில் மற்றொன்று கலந்தோ கேட்டால் கோளாறு உண்டு.

நான்காவது, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். பதிந்த அந்த மௌனத்தை ஒலி கூட்டிக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் எல்லாக் கருவிக்கும் உண்டு. வண்டு ரீங்காரம்போல் கேட்டால் மின்சார வழியே வரும் ஓசை. பாட்டரியில் ஓட்டும்போது அது மறைந்தால் குற்றம் அடாப்டருடையது, கருவியினுடையதன்று.

ஐந்தாவது, பாட்டு ஓடும்போது குமிழ்களையும் நகர்த்திகளையும் மேலும் கீழும் அசையுங்கள். கரகரவென்றால் உள்ளே தூசி. அதற்கெனக் கடையில் கிடைக்கும் துப்புரவுத் திரவம் ஒரு துளி விட்டால் பெரும்பாலும் சரியாகும். இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கருவியைத் தள்ள வேண்டியதில்லை.

ஆறாவது, கேசட் கருவியாயின் சுருதிப் பெட்டியை ஒரே சுருதியில் இரண்டு நிமிடம் பதிந்து கேளுங்கள். மனிதக் குரலில் ஏற்ற இறக்கம் இயல்பு. ஆதலின் அதில் பழுது மறைந்துவிடும். சுருதிப் பெட்டியோ நேர்கோடு. அது சற்றே அசைந்தாலும் காது கண்டுகொள்ளும். இந்த இரண்டு நிமிடச் சோதனையை அன்றே செய்திருந்தால், அப்பத்தாவின் பதினொரு பாட்டும் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

ஏழாவது, பதிந்ததை நிறுத்தி, கருவியை அணைத்து, மீண்டும் இயக்கிப் பாருங்கள். பாட்டு அங்கேயே இருக்கிறதா? பின்பு அதனைக் கணிப்பொறிக்கு மாற்றிப் பாருங்கள். வெளியே எடுக்க முடியாத பாட்டு, பூட்டிச் சாவியைத் தொலைத்த பெட்டியில் இருக்கும் நகையைப் போன்றது.

இந்த ஏழும் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். போடிநாயக்கனூர் அன்பர் எங்களுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்து, முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். அதுவே கருவிக்கு நல்ல சான்றாயிற்று.

கைப்பேசி போதாதா?

இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது: "பையிலிருக்கும் கைப்பேசியிலேயே பதியலாமே, பழைய கருவிக்கு ஏன் பணம்?" நேர்மையான கேள்வி; நேர்மையாகவே விடை தருவோம். ஒரு குரலை இழந்துவிடாமல் காப்பதற்குக் கைப்பேசி போதும். ஒன்றுமே பதியாமல் இருப்பதினும் கைப்பேசியில் பதிவது ஆயிரம் மடங்கு மேல். பலதடப் பதிவுக்கான செயலிகளும் கைப்பேசியில் உண்டு. கணிப்பொறி உள்ளோர்க்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது.

எனினும் கைப்பேசி உரையாடலுக்காகச் செய்யப்பட்டது. மெதுவாகப் பாடினால் தானே ஒலியைக் கூட்டும். உரக்கப் பாடினால் தானே குறைக்கும். பாட்டின் ஏற்ற இறக்கம் இதனால் தட்டையாகிவிடும். நீண்ட சுருதியை இரைச்சல் என்று எண்ணி அழிக்க முயல்வதும் உண்டு. பாட்டின் நடுவே அழைப்பு வந்தாலோ சொல்லவே வேண்டா. இந்தத் தானியங்கு வேலைகளை நிறுத்தும் செயலியைத் தேடிப் போட்டு, அழைப்பு வாராதபடி விமானப் பயண நிலையில் வைத்துப் பதிந்தால் பெரும்பகுதி குறை நீங்கும். பழைய கருவிக்கு ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு மேல் கேட்டால், வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கை வாங்கிக் கணிப்பொறியோடு இணையுங்கள் என்பதே எங்கள் கருத்து. குறைந்த விலையில் பழுதற்றது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். திரையைப் பார்க்காமல், விரலால் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் பதியத் தொடங்கும் கருவியின் முன் முதியோர் கூச்சமின்றிப் பாடுகின்றனர் என்பது எங்கள் அனுபவம்.

தங்கச்சிப் பாட்டியின் நான்கு பாட்டு

அப்பத்தாவுக்கு ஒரு தங்கை உண்டு. வேறொரு எஸ்டேட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். பழுதற்ற கருவியோடு அவரைத் தேடிச் சென்றோம். அக்கா பாடிய பதினொன்றில் நான்கே அவர் நினைவில் இருந்தன. நான்கையும் பாடச் சொன்னோம்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு பாழ். எனவே மழை விட்ட காலை நேரத்தைத் தேர்ந்தோம். சிமெண்டுச் சுவரில் குரல் எதிரொலித்தது. வேலைக்குப் போகும்போது போர்த்தும் கம்பளிகளை வாங்கிச் சுவரெங்கும் தொங்கவிட்டோம், எதிரொலி அடங்கியது. அந்தக் கம்பளிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அன்றுதான் கண்டோம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தோம். அளவுமானியின் முள் உச்சியைத் தொடாதபடி ஒலியைக் குறைத்தே வைத்தோம். நாடா சற்று மிகுந்தால் பொறுக்கும். அட்டைக் கருவி பொறாது, வெடித்துவிடும். முதல் தடத்தில் பாட்டியின் குரல் மட்டும். தாளக் கட்டை இல்லை, சுருதி இல்லை. அவருடைய மூச்சே தாளம்.

பின்பு நம் இளைஞர்கள், அவர் குரலுக்கு ஏற்பச் சுருதி கூட்டி, ஆர்மோனியமும் உறுமியும் மற்றத் தடங்களில் வாசித்தனர். உற்சாகத்தில் சற்று மிகையாகவே வாசித்தனர். கொண்டுபோய்ப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். முழுதும் கேட்டார். "மேளமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் பாட்டு எங்கப்பா?" என்றார்.

அவையோரே! பலதடக் கருவியின் பயன் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. அவர் முன்னிலையிலேயே உறுமித் தடத்தைக் குறைத்தோம். ஆர்மோனியத்தை மேலும் குறைத்தோம். முதல் தடத்தில் இருந்த குரல் பதிந்தபடியே, ஒரு மாசும் படாமல் மேலெழுந்து வந்தது. பாட்டி தலையசைத்தார். எல்லாம் ஒன்றாகக் கலந்த பதிவாயின், அன்று தலைகுனிந்து திரும்பியிருப்போம். தடங்கள் எட்டா பதினாறா என்பது பெரிதன்று. மூலக் குரல் தனியே, பழுதின்றி, என்றும் மீட்கத்தக்கதாய் இருக்கிறதா என்பதே பெரிது. பழைய கருவியை மதிப்பிடும் அளவுகோல் இது ஒன்றுதான்.

சில வேண்டுகோள்கள்

இறுதியாக உங்கள்முன் சில வேண்டுகோள்கள். பாடுவோரிடம் முன்கூட்டியே இசைவு பெறுங்கள். எங்கே, யாருக்குப் போட்டுக் காட்டுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் பெயர், பூர்விக ஊர், எஸ்டேட், நாள் ஆகியவற்றைக் குரலாலேயே சொல்லிப் பதியுங்கள். தாள் கிழியும், குரலோடு சேர்ந்த செய்தி பிரியாது. முதல் தடத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். பதிந்த அன்றே மூன்று படிகள் எடுங்கள்: ஒன்று பாடியவர் வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று மலைக்குக் கீழே உள்ள உறவினர் எவரிடமேனும். ஒரு மலை சரிந்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடக் கூடாது. கருவியையும் அட்டைகளையும் காற்றுப் புகாத தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள்.

எங்கள் கருவி சங்கத்தின் பொதுச் சொத்து. எந்த லயத்தில் எந்தப் பாட்டி பாடத் தெரிந்தவர் என்று சொல்லி அனுப்புங்கள். கருவியோடும் கம்பளியோடும் நாங்கள் வருகின்றோம். உங்கள் பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயின்று உயரட்டும். அது நமக்குப் பெருமையே. அவர்கள் என்றோ ஒருநாள் தங்கள் பாட்டியின் தாலாட்டைக் கேட்க விரும்பினால், அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அப்பத்தாவின் பதினொன்றில் ஏழு போய்விட்டன. தங்கையின் வாயிலாக நான்கு நின்றன. அந்த நான்கில் ஒன்றை இப்போது, ஆர்மோனியமும் உறுமியும் இன்றி, முதல் தடத்தில் உள்ளவாறே உங்கள்முன் ஒலிக்கச் செய்கின்றோம். அன்புகூர்ந்து அமைதியாகக் கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!